வீடு மாறுகிறது, விலாசம் மாறவில்லை
நம் மருத்துவமனையின் மின்னஞ்சல் மாற்றத்தைப் பற்றி ஒரு விளக்கம்



சென்ற இதழில் வெளியான வரவு செலவுக் கணக்கில் "மின்னஞ்சல் சர்வர் மாற்றம்" என்று ஒரு வரி இருந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சில சபைகளிலிருந்து கேள்விகள் வந்தன. "ஏழை நோயாளிகளின் மருந்துக்கென்றுதான் நாங்கள் காணிக்கை கொடுக்கிறோம், அதில் கம்ப்யூட்டருக்கு எதற்குச் செலவு?" என்று ஒரு சகோதரர் மனம்விட்டு எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. கொடுக்கிறவர்களுக்குக் கேட்கிற உரிமை உண்டு. எருசலேமிலிருந்த ஏழை விசுவாசிகளுக்கான தர்மப்பணத்தைக் கொண்டுபோகும் காரியத்தில் யாரும் குறைசொல்ல இடமிருக்கக் கூடாதென்று, தீத்துவோடுகூடச் சபைகளில் நற்பெயர் பெற்ற ஒரு சகோதரரையும் பவுல் அனுப்பினார். கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தின் 8-ம் அதிகாரத்தில் இதைக் காண்கிறோம். ஆகவே இந்த மாற்றம் என்ன, ஏன், எப்படி நடக்கிறது, அதில் உங்கள் பங்கு என்ன என்பதை எளிமையாக எழுதும்படி நிர்வாகக் குழு என்னைக் கேட்டுக்கொண்டது.

கடிதம் எப்படி வந்து சேருகிறது?

சர்வர் என்றதும் நம்மில் பலருக்கு ஓட்டலில் இட்லி பரிமாறுகிறவர்தான் நினைவுக்கு வருவார். அந்தப் பொருள் தவறல்ல. சர்வர் என்றால் பணிவிடை செய்கிறவர். கம்ப்யூட்டர் உலகத்தில், மற்றக் கம்ப்யூட்டர்கள் கேட்பதைக் கொடுத்து இரவும் பகலும் ஓய்வில்லாமல் பணிவிடை செய்யும் இயந்திரத்துக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். மின்னஞ்சல் சர்வரின் வேலை, வருகிற கடிதத்தை வாங்கி உரியவரின் பெட்டியில் வைப்பதும், போகிற கடிதத்தை உரிய இடத்துக்கு அனுப்புவதுமே.

ஒரு கம்ப்யூட்டரிலிருந்து மற்றொரு கம்ப்யூட்டருக்கு வலைப்பின்னல் வழியாக மின்னஞ்சல் அனுப்பும் முறையை 1971-ல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கினார். ஆளின் பெயரையும் கம்ப்யூட்டரின் பெயரையும் பிரித்துக் காட்ட '@' என்ற குறியைத் தேர்ந்துகொண்டவரும் அவரே. நம் நாட்டில் பொதுமக்களுக்கான இன்டர்நெட் சேவை 1995 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது.

மின்னஞ்சல் விலாசத்தில் அந்தக் குறிக்கு முன்னால் இருப்பது ஆளின் பெயர் அல்லது இலாகாவின் பெயர். பின்னால் இருப்பது நிறுவனத்தின் பெயர். அந்த நிறுவனத்தின் கடிதங்களை எந்தச் சர்வரில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்பது விலாசத்தில் இராது. அது உலகம் முழுவதும் பார்க்கக்கூடிய ஒரு பொதுப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கிறது. டி.என்.எஸ். என்று அழைக்கப்படும் அந்தப் பதிவேட்டு முறை 1983-ல் வகுக்கப்பட்டது. அதில் கடிதங்களுக்கென்று உள்ள குறிப்புக்கு எம்.எக்ஸ். பதிவு என்று பெயர். நீங்கள் எங்களுக்குக் கடிதம் அனுப்பும்போது, உங்கள் சர்வர் முதலில் இந்தப் பதிவைப் பார்த்து, பிறகு அங்கே குறிக்கப்பட்டிருக்கும் இடத்துக்குக் கடிதத்தைக் கொண்டுபோகிறது.

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. சர்வர் மாறும்போது விலாசம் மாறுவதில்லை. நாங்கள் பதிவேட்டில் ஒரு வரியை மாற்றி எழுதுகிறோம், அவ்வளவே. நீங்கள் பழைய விலாசத்துக்கே எழுதுவீர்கள். கடிதம் புதிய வீட்டுக்கு வந்து சேரும்.

ஏன் இப்போது மாற்றவேண்டும்?

இதுவரை நம் சர்வர் அலுவலகத்தின் பின்னறையில் இருக்கிறது. நம் ஊரின் வெப்பமும் தூசியும் மின்தடையும் உங்களுக்குத் தெரியும். பேட்டரி தாங்கும் நேரத்துக்குமேல் மின்சாரம் தடைப்பட்டால் சர்வர் நின்றுபோகும். இயந்திரமும் வயதாகிவிட்டது. தகவல்களைத் தாங்கியிருக்கும் ஹார்டு டிஸ்க் எந்த நாளிலும் பழுதாகலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. சர்வரில் ஓடும் மென்பொருளில் அவ்வப்போது ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. அதைத் தயாரித்த நிறுவனம் அவற்றை அடைத்துக் கொடுக்கும். ஆனால் எந்த மென்பொருளுக்கும் அந்த ஆதரவு என்றைக்கும் இராது. உதாரணமாக, உலகமெங்கும் அலுவலகங்களில் பயன்பட்டுவந்த மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 ஆகிய இரண்டு பதிப்புகளுக்கும் ஆதரவுக்காலம் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. நாம் வைத்திருக்கும் பழைய மென்பொருளுக்கும் காலம் முடிந்துவிட்டது. அடைப்பார் இல்லாத ஓட்டையோடு நோயாளிகளின் கடிதங்களை வைத்திருப்பது பூட்டில்லாத அலமாரியில் வைத்திருப்பதைப் போன்றது.

ஆகவே நம் நாட்டிலேயே உள்ள ஒரு டேட்டா சென்டரில் வாடகைக்கு இடம் எடுத்திருக்கிறோம். அங்கே மின்சாரத்துக்கும் குளிரூட்டலுக்கும் மாற்று ஏற்பாடு உண்டு. இயந்திரம் பழுதானால் மாற்றுவது அவர்கள் பொறுப்பு.

இந்தப் பெட்டிகளில் என்ன இருக்கிறது?

"ஒருநாள் மின்னஞ்சல் வராவிட்டால் என்ன, மறுநாள் வருமே" என்று நினைக்கத் தோன்றும். ஒரு நாளில் வருகிறவற்றைப் பாருங்கள். வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிய திசுப் பரிசோதனையின் முடிவு வருகிறது. அதைப் பார்த்துத்தான் அறுவை சிகிச்சை வேண்டுமா என்று மருத்துவர் முடிவுசெய்வார். காப்பீட்டு நிறுவனத்தின் அனுமதி வருகிறது. அது வராமல் அந்தக் குடும்பம் முன்பணம் திரட்ட ஓடவேண்டியிருக்கும். வளைகுடா நாட்டில் வேலைசெய்யும் ஒரு மகன், வார்டில் படுத்திருக்கும் தன் தாயின் நிலைமையைக் கேட்டு எழுதுகிறான்.

மனிதர் எழுதாத கடிதங்களும் உண்டு. தடுப்பூசி மருந்துகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருக்கவேண்டும். அந்தக் குளிர்பெட்டியில் வெப்பம் ஏறினால், அதோடு இணைத்த சிறு கருவி இரவு இரண்டு மணியானாலும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பும். அந்தக் கருவிக்குள் பழைய சர்வரின் பெயர்தான் எழுதியிருக்கிறது. எல்லாக் கம்ப்யூட்டர்களையும் மாற்றிவிட்டு இந்தக் கருவியை மறந்துவிட்டால், எச்சரிக்கை யாருக்கும் வந்து சேராது. குழந்தைகளுக்கான மருந்து வீணாகும். எனவே முதல் வேலையாக, மின்னஞ்சல் அனுப்பும் ஒவ்வொரு இயந்திரத்தையும் அறை அறையாகச் சென்று பட்டியல் எடுத்தார்கள். ஸ்கேன் செய்து அனுப்பும் ஜெராக்ஸ் மெஷின், சம்பளப் பட்டியல் தயாரிக்கும் மென்பொருள் ஆகியவையும் அந்தப் பட்டியலில் உள்ளன.

பெட்டிகளையும் அப்படியே கணக்கெடுத்தோம். ஓய்வுபெற்றுப்போன ஒரு மூத்த நர்ஸ் அம்மாவின் பெட்டிக்கு, அவர் பிரசவம் பார்த்த குடும்பங்கள் இன்னும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பிக்கொண்டிருக்கின்றன! "ஆள் இல்லாத பெட்டி" என்று அதை அழித்திருந்தால் அந்த அன்பின் கடிதங்கள் திரும்பிப் போயிருக்கும். இப்போது அவை அவருடைய சொந்த விலாசத்துக்குப் போகும்படி ஏற்பாடு செய்திருக்கிறோம்.

மாற்றம் நடக்கும் விதம்

வீடு மாறும்போது சாமான்களை லாரியில் ஏற்றினால் பழைய வீடு காலியாகிவிடும். இங்கே அப்படியல்ல. கடிதங்களை எடுத்துச் செல்வதில்லை, படியெடுத்துச் செல்கிறோம். மூலம் பழைய இடத்திலேயே இருக்கும். புதிய இடத்தில் எல்லாம் சரியாக இருக்கிறதென்று கண்ட பிறகே பழையதில் கைவைப்போம்.

முதலாவது, பழைய சர்வரில் உள்ள யாவற்றுக்கும் ஒரு தனிப் பிரதி எடுத்துப் பூட்டிவைக்கிறோம். இரண்டாவது, புதிய சர்வரில் ஒவ்வொருவருக்கும் பெட்டி திறக்கிறோம். மூன்றாவது, ஐமேப் என்ற முறையின் வழியாக இரண்டு சர்வர்களும் பேசிக்கொண்டு, கோப்புறை கோப்புறையாகக் கடிதங்களைப் படியெடுக்கின்றன. முடிந்ததும் இரு பக்கத்து எண்ணிக்கையையும் ஒப்பிடவேண்டும். கவனக்குறைவாகப் படியெடுத்தால் எல்லாக் கடிதங்களிலும் மாற்றம் நடந்த நாளே வந்த தேதியாக விழுந்துவிடும். 2009-ல் வந்த கடிதம் இன்று வந்ததுபோல் நிற்கும். ஆகவே தேதிகளையும் சோதிக்கிறார்கள்.

இதில் அகப்படாத கடிதங்களும் உண்டு. பாப் என்ற பழைய முறையில், கடிதத்தை மேசைக் கம்ப்யூட்டருக்கு இறக்கியவுடன் சர்வரிலிருந்து அது நீங்கிவிடுவது வழக்கம். கணக்குப் பிரிவில் பல ஆண்டுகளாக அப்படித்தான் நடந்தது. அந்தக் கடிதங்கள் சர்வரிலேயே இல்லை. ஒரே ஒரு மேசைக் கம்ப்யூட்டரில் இருந்தன. அவற்றைத் தனியாகச் சேகரித்தோம்.

பழைய தமிழ்க் கடிதங்களின் கதை வேறு. யூனிகோடு பரவலாவதற்கு முன்பு, ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தன்தன் வழியில் எழுத்துகளைக் குறித்துவைத்தது. 1999-ல் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு முறைகளை அறிவித்தது. இணையத்தில் திஸ்கி என்ற முறையும் புழங்கியது. அவற்றில் எழுதிய கடிதங்களை இன்று திறந்தால் புரியாத குறிகளே தெரியும். ஆனால் கடிதம் கெட்டுப்போகவில்லை. எந்த முறையில் எழுதப்பட்டதென்று கண்டுபிடித்தால் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். உங்களில் பலருடைய பழைய சாட்சிக் கடிதங்கள் இவ்வகையில் மீண்டும் வாசிக்கத்தக்கவையாகி வருகின்றன.

நான்காவது, பதிவேட்டை மாற்றும் வேலை. உலகிலுள்ள கம்ப்யூட்டர்கள் ஒவ்வொரு கடிதத்துக்கும் பதிவேட்டைப் புதிதாகப் பார்ப்பதில்லை. ஒருமுறை பார்த்ததைச் சில மணிநேரம் நினைவில் வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் வைக்கலாம் என்பதையும் நாமே பதிவேட்டில் எழுதலாம். வழக்கமாக 86,400 விநாடி, அதாவது ஒரு முழு நாள் என்று எழுதியிருப்பார்கள். மாற்றத்துக்குச் சில நாட்கள் முன்பே அதை 300 விநாடியாகக் குறைத்துவிட்டால், மாற்றிய ஐந்து நிமிஷத்துக்குள் பெரும்பாலானவர்களுக்குப் புதிய வழி தெரிந்துவிடும். அலுவலகம் மூடியிருக்கும் சனிக்கிழமை இரவு இதைச் செய்வதாகத் திட்டம். அப்படியும் சில கடிதங்கள் பழைய வழியிலே வரும். அதற்காகப் பழைய சர்வரை இரண்டு வாரம் திறந்தே வைத்து, பின்தங்கி வருகிறவற்றையும் சேர்த்துக்கொள்வோம்.

இடையில் சர்வர் சிறிது நேரம் நின்றால் அப்போது வரும் கடிதம் தொலைந்துபோகுமா? போகாது. மின்னஞ்சலின் விதிகளை வகுத்தவர்கள் ஞானமாய் ஒரு காரியம் செய்தார்கள். கதவு அடைத்திருந்தால் கடிதம் கொண்டுவந்த சர்வர் திரும்பிப் போய், சற்று நேரம் பொறுத்து மறுபடியும் வந்து தட்டவேண்டும். குறைந்தது 4 முதல் 5 நாட்கள் வரை முயன்றபிறகே கைவிடவேண்டுமென்று விதி சொல்கிறது. ஆனால் அவசரக் கடிதம் அவ்வளவு காத்திருக்கக் கூடாது. அந்த இரவில் ஆய்வகமும் இரத்த வங்கியும் தொலைபேசியில் செய்தி சொல்லவேண்டுமென்று ஏற்பாடு செய்திருக்கிறோம்.

கள்ளக் கடிதமும் முத்திரையும்

பிரியமானவர்களே, இதைக் கவனமாய் வாசியுங்கள். தம்முடைய பெயரால் வந்ததுபோலத் தோன்றும் ஒரு நிருபத்தைக் கண்டு கலங்கவேண்டாமென்று பவுல் தெசலோனிக்கேய சபையை எச்சரிக்கவேண்டியிருந்தது. அதே நிருபத்தின் முடிவில் தம் கையெழுத்தையே அடையாளமாகக் காட்டுகிறார். கள்ளக் கடிதம் அவ்வளவு பழையது.

மின்னஞ்சலில் அனுப்புகிறவர் பெயரை யாரும் எப்படியும் எழுதலாம். அதைத் தடுக்கப் பின்னாளில் மூன்று காவல்கள் ஏற்பட்டன. எஸ்.பி.எஃப். என்பது, எங்கள் பெயரில் கடிதம் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு அனுமதி உண்டு என்ற பட்டியல். டி.கே.ஐ.எம். என்பது, ஒவ்வொரு கடிதத்திலும் எங்கள் சர்வர் வைக்கும் முத்திரை. கடிதத்தில் ஒரு வார்த்தையை மாற்றினாலும் முத்திரை பொருந்தாது. டி.மார்க் என்பது, இந்தச் சோதனைகளில் தேறாத கடிதத்தை என்ன செய்யவேண்டுமென்று மற்றவர்களுக்கு நாங்கள் எழுதிவைக்கும் உத்தரவு. 2024 பிப்ரவரி முதல் கூகுள், யாஹூ நிறுவனங்கள் இவற்றைக் கண்டிப்பாகக் கேட்கின்றன. முக்கியமாக, மொத்தமாகக் கடிதம் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் வேண்டும்.

சர்வர் மாறும்போது இந்தப் பட்டியலிலும் புதிய சர்வரைச் சேர்க்கவேண்டும். சேர்க்காவிட்டால் எங்கள் உண்மையான கடிதத்தையே உலகம் கள்ளக் கடிதமென்று ஸ்பேம் பெட்டியில் போட்டுவிடும். உங்கள் காணிக்கை ரசீதும் அங்கேதான் கிடக்கும். எனவே இது முன்னதாகவே செய்யப்படுகிறது.

ஆயினும் எந்த முத்திரையும் முழுக்காவல் அல்ல. எங்கள் பெயரைப் போலவே ஒரு எழுத்து மாத்திரம் வேறுபட்ட பெயரைப் பதிவுசெய்து, அதற்கு முறையான முத்திரையும் வைத்து ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். "சர்வர் மாறியதால் வங்கிக் கணக்கும் மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்" என்று எழுத இதுவே அவர்களுக்கு நல்ல சமயம்.

பழைய டிஸ்க்கும் பரம இரகசியங்களும்

என் பொறுப்பிலுள்ள பெட்டிக்கு ஜெப விண்ணப்பங்கள் வருகின்றன. கணவருக்கும் சொல்லாத நோயை ஒரு சகோதரி எழுதுகிறார். மகனின் குடிப்பழக்கத்தை ஒரு தகப்பன் எழுதுகிறார். இவற்றைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோகலாமா என்று நிர்வாகக் குழுவில் நீண்ட நேரம் பேசினோம். உள்நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளைக் குறைந்தது 3 ஆண்டுகள் வைத்திருக்கவேண்டுமென்று மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு ஒழுங்குவிதிகள் சொல்கின்றன. அவற்றை அப்படியே காக்கிறோம். ஆனால் ஜெப விண்ணப்பம் பதிவேட்டுக்காக எழுதப்பட்டதல்ல. ஆண்டவருடைய சமுகத்தில் வைக்கும்படி நம்பி ஒப்புக்கொடுத்தது. ஆகவே பழைய விண்ணப்பங்களைக் கொண்டுபோவதில்லை என்று தீர்மானித்தோம். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தேவை முடிந்தபின் பிறருடைய விவரங்களை வைத்திருக்கக் கூடாது என்ற நோக்கத்தையே கொண்டது.

கம்ப்யூட்டரில் ஒரு கடிதத்தை அழித்தால் அதன் பெயர்தான் பட்டியலிலிருந்து நீங்கும். எழுத்துகள் டிஸ்க்கில் இன்னும் இருக்கக்கூடும். தெரிந்தவர் அதை மீட்டுவிடுவார். ஆகவே பழைய சர்வரைக் காயலான் கடைக்கு விற்கமாட்டோம். அதன் டிஸ்க்கை முழுவதும் மேலெழுதி, பிறகு துளையிட்டு உடைப்பதற்கு நிர்வாகக் குழுவினர் இருவர் சாட்சியாக நிற்பார்கள்.

உங்களிடம் கேட்டுக்கொள்வது

1. எங்கள் மின்னஞ்சல் விலாசம் மாறாது. இந்த இதழின் பின்னட்டையில் உள்ள விலாசத்துக்கே எழுதுங்கள்.

2. மாற்றத்துக்குப் பிறகு ரசீதோ செய்தி மடலோ வராவிட்டால் ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் தொலைபேசியில் கூப்பிடுங்கள்.

3. வங்கிக் கணக்கு மாற்றத்தை நாங்கள் ஒருபோதும் மின்னஞ்சலில் மாத்திரம் அறிவிக்கமாட்டோம். அப்படி ஒரு கடிதம் வந்தால், அந்தக் கடிதத்திலுள்ள எண்ணுக்குப் பேசாமல், பழைய ரசீதில் அச்சிட்டுள்ள எண்ணுக்குப் பேசுங்கள்.

4. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-ல் செய்த திருத்தத்தின்படி, வெளிநாட்டுக் காணிக்கைகளைப் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி பிரதானக் கிளையிலுள்ள கணக்கில்தான் முதலில் பெறமுடியும். வேறு வங்கிக்கு அனுப்பச் சொல்லி வரும் கடிதம் எங்களுடையதல்ல. கடல் கடந்து வாழும் உங்கள் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள்.

5. யாராகிலும் ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டுத் தாமதிக்கவேண்டாம். உடனே 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்லுகிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு.

6. கம்ப்யூட்டர் இல்லாத பெரியவர்கள் வழக்கம்போல் தபாலில் எழுதுங்கள். உங்கள் கடிதங்களைக் காலை ஆராதனைக்கு முன் வாசித்து ஜெபிக்கும் வழக்கம் தொடரும்.

அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருகிறேன். மருந்துக்கென்று குறிப்பிட்டுக் கொடுத்த காணிக்கையிலிருந்து இதற்கு ஒரு ரூபாயும் எடுக்கவில்லை. பொது நிர்வாக நிதியிலிருந்துதான் செலவாகிறது. தணிக்கையாளரின் அறிக்கையில் தனி வரியாக இருக்கும். ஆனால் இதுவும் நோயாளிக்கான செலவே என்று சொல்லத் துணிகிறேன். ரோமாபுரி சபைக்கு எழுதிய நிருபத்தைப் பெபேயாள் கொண்டுபோயிருப்பாள் என்று வேத அறிஞர் பலர் கருதுகிறார்கள். எபேசியருக்கும் கொலோசெயருக்கும் எழுதிய நிருபங்களைக் கொண்டுபோனவன் தீகிக்கு. எழுதினவர் எவ்வளவு பெரியவராயிருந்தாலும், வழியில் அதைச் சுமந்தவர்கள் உண்மையுள்ளவர்களாய் இருந்ததினால்தான் அது சபைகளின் கையில் வந்து சேர்ந்தது. நம் சர்வரும் அந்த வேலையைத்தான் செய்கிறது.

இந்த வேலையைச் செய்யும் வாலிபப் பொறியாளர்களுக்காகவும், ஒரு நோயாளியின் செய்தியும் தவறாதபடிக்கும், ஒருவருடைய இரகசியமும் வெளியே போகாதபடிக்கும், கொடுக்கிறவர்களில் ஒருவரும் ஏமாற்றப்படாதபடிக்கும் உங்கள் குடும்ப ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில் உங்கள் அன்புள்ள,
மருத்துவமனைப் போதகர்